சிகிச்சைக்குப் பின் போர்ட்டைப் பேணுதல்



புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை ஒரு நாள் முடிவடைகிறது. கடைசிப் புட்டி மருந்து இறங்கி, ஊசியும் எடுக்கப்பட்டு, மருத்துவரும் செவிலியரும் நல்வாழ்த்துக் கூறி வழியனுப்புகிறார்கள். வீட்டாருக்கு நெஞ்சின் மேலிருந்த ஒரு பெரும் பாரம் இறங்கிவிட்டது போல் இருக்கிறது. ஆனால் நோயாளியின் நெஞ்சில், தோலுக்கு அடியில், இறங்காமல் தங்கிவிட்ட சிறு பொருள் ஒன்று உண்டு. மருத்துவமனைகளில் அதனைக் 'கீமோ போர்ட்' என்கிறார்கள். சிகிச்சைக்காலம் முழுவதும் பெருந்துணையாக இருந்த அந்தப் பொருளை, சிகிச்சை முடிந்த பிறகு என்ன செய்வது, எப்படிப் பேணுவது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மவரை மனத்திற்கொண்டே இப்பொருளைத் தேர்ந்தேன். நோய் என்று வந்ததும் உற்றார் உறவினர் துணை வேண்டும் என்று சென்னைக்கோ வேலூருக்கோ சென்று சிகிச்சை பெற்றுக்கொண்டு, மீண்டும் உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்கோ நாகபுரிக்கோ திரும்புகிறவர்கள் நம்மில் பலர். இன்னும் சிலர் பம்பாயில், இன்றைய மும்பையில், டாட்டா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பின்னர், வேலை மாற்றலாகிப் புவனேசுவரத்துக்கோ இந்தூருக்கோ போய்ச் சேருகிறார்கள். போர்ட்டைப் பதித்த ஊர் ஒன்று. அதைச் சுமந்து வாழும் ஊர் வேறொன்று. இந்த இடைவெளியில்தான் போர்ட் மறக்கப்படுகிறது.

முதலில் போர்ட் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, உள்ளே வெற்றிடம் உள்ள, சிறு கிண்ணம் போன்றது அது. டைட்டானியம் என்னும் உலோகத்தாலோ உறுதியான பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டது. அதன் மேல்வாயைத் தடித்த சிலிக்கோன் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. கிண்ணத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, கழுத்திலோ காறை எலும்பின் அடியிலோ உள்ள பெரிய சிரை வழியாக உட்சென்று, இதயத்தின் வலது மேலறையை ஒட்டி முடிகிறது. கிண்ணமும் குழாயும் முற்றிலும் தோலுக்கு உள்ளேயே இருப்பதால் வெளியில் தெரிவது ஒரு சிறு மேடு மட்டுமே.

இம்முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் நீடர்ஹூபரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982-ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தனர். அதற்கு முன் நீண்டநாள் மருந்தேற்றுவதற்குப் பயன்பட்ட குழாய்களின் ஒரு முனை உடலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். குளிப்பதும் உறங்குவதும் தொல்லையாகும். கிருமிகள் நுழையும் வழியும் எப்போதும் திறந்தே இருக்கும். வெளியே தொங்கிய வாயிலைத் தோலுக்குள் மறைத்து வைத்ததுதான் போர்ட் செய்த புரட்சி.

இத்தகைய வாயில் ஏன் தேவைப்பட்டது? டாக்சோரூபிசின் போன்ற சில மருந்துகள் கையிலுள்ள சிறு சிரையிலிருந்து கசிந்து வெளியேறினால், சுற்றியுள்ள தசையையும் தோலையும் புண்ணாக்கிவிடும் இயல்புடையவை. மேலும், மீண்டும் மீண்டும் ஊசி குத்தப்படும் கைச்சிரைகள் நாளடைவில் கயிறு போல் இறுகிப்போகின்றன. இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையிலோ இரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. அங்கே விடப்படும் மருந்து உடனே கலந்து நீர்த்துவிடுகிறது. ஆகவே கைச்சிரைகளுக்கு ஓய்வளித்து, நோயாளியின் வேதனையையும் குறைத்தது போர்ட்.

இப்போது சிகிச்சை முடிந்தது என்கிறோம். உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகையினருக்குக் கீமோ மருந்துகள் நின்ற பின்னரும், டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தை மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, மொத்தம் ஓராண்டு நிறையும் வரை கொடுப்பது வழக்கம். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை நீளும். தலைமுடி மீண்டும் முளைத்துவிட்டது, உடல் தேறிவிட்டது என்பதால் போர்ட்டின் வேலை முடிந்துவிட்டது என்று வீட்டிலிருப்போர் முடிவு கட்டக்கூடாது. 'இனி இந்த வழியாக மருந்து ஏதேனும் செல்லவேண்டியுள்ளதா?' என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்லவேண்டியதில்லை என்று மருத்துவர் கூறினால், அடுத்த கேள்வி எழுகிறது: போர்ட்டை எடுத்துவிடுவதா, இன்னும் சிலகாலம் வைத்திருப்பதா?

இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நோய் திரும்பி வரும் வாய்ப்பு மிகுதி என்று கருதப்படுகிறவர்களுக்கு, முதல் சில சோதனைகள் முடியும் வரை வைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லலாம். அந்த வாய்ப்புக் குறைவாக உள்ளவர்களுக்கு, சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே எடுத்துவிடச் சொல்லலாம். கைச்சிரைகள் எந்நிலையில் உள்ளன என்பதையும் பார்க்கவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு பக்கத்து அக்குளில் நெறிகட்டிகள் அகற்றப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கையில் ஊசி குத்துவதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வார்கள். எஞ்சியிருப்பது ஒரு கைதான். அத்தகையோருக்குப் போர்ட் இன்னும் சிறிது காலம் பயன்படலாம்.

இந்த முடிவில் மருத்துவத்துக்குப் புறம்பான இரண்டு எண்ணங்கள் புகுந்து குழப்புவதுண்டு. சிலர், 'அதை எடுத்தால் நோய் திரும்பி வந்துவிடுமோ' என்று அஞ்சி, ஒரு காப்பு போல் அதை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர், நோயின் நினைவையே துடைத்துவிட வேண்டும் என்னும் வேகத்தில், மருத்துவர் இருக்கட்டும் என்று சொன்ன பின்னரும் உடனே எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். இரண்டும் மனித இயல்பே; குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும் போர்ட் நோயைத் தடுப்பதுமில்லை, வரவழைப்பதுமில்லை. அது ஒரு வாயில், அவ்வளவே. அதன் வழியே செல்வதற்கு ஏதேனும் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே அதன் தேவையை எடைபோட வேண்டும்.

வைத்திருப்பது என்று முடிவானால், எதுவரை என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். 'அடுத்த ஸ்கேன் வரை', 'ஓராண்டு வரை' என்று ஏதேனும் ஓர் எல்லை இருக்கட்டும். எல்லையில்லாமல் வைக்கப்பட்ட போர்ட்தான் பின்னர் யாருக்கும் நினைவில்லாத போர்ட்டாகிறது. அயற்பொருள் எதுவும் உடலில் நெடுங்காலம் கிடப்பதால் சில தீங்குகள் நேரலாம். குழாயைச் சுற்றி இரத்தம் உறையலாம், கிருமிகள் குடியேறலாம். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே செல்லும் குழாய், கையின் அசைவால் நாள்தோறும் நசுங்கி, மிக அரிதாக முறிந்துபோவதும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து எடுக்க முயலும்போது குழாய் சிரையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதும், குறிப்பாகக் குழந்தைகளிடம், காணப்படுகிறது. பிள்ளை வளர வளரக் குழாயின் முனையும் இடம் மாறும் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, வைத்திருக்கும் காலத்தில் எப்படிப் பேணுவது என்பதைக் காண்போம்.

ஊரில் பூட்டிக்கிடக்கும் பூர்விக வீட்டை நம்மில் பலர் அறிவோம். யாராவது ஒருவர் மாதம் ஒரு முறை சென்று கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, காற்றாட வைத்துவிட்டு மீண்டும் பூட்டினால்தான் அந்த வீடு வீடாக இருக்கும். இல்லையேல் பூட்டுத் துருவேறும், கறையான் புகும். பயன்படாத போர்ட்டின் கதையும் இதுவே. மருந்து ஓடிக்கொண்டிருந்தவரை குழாய் அடிக்கடி கழுவப்பட்டு வந்தது. மருந்து நின்றதும், குழாயின் முனையில் சிறிதளவு இரத்தம் ஏறி உறையத் தொடங்கலாம். நார் போன்ற ஒரு படலம் முனையை மூடலாம். இதைத் தடுப்பதற்காகவே குறித்த காலத்துக்கு ஒரு முறை போர்ட்டினுள் உப்புநீரைச் செலுத்தி அலசுகிறார்கள். இதை மருத்துவமனையில் 'ஃப்ளஷ்' செய்வது என்பார்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அலசுவது? போர்ட்டைத் தயாரிப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தது நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பதாகும். ஆனால், எட்டு வாரத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இடைவெளியை நீட்டியும், அடைப்போ கிருமித்தொற்றோ அதனால் மிகவில்லை என்று பல மருத்துவமனைகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆதலால் இன்று மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கணக்கு வேறுபடுகிறது. சென்னையில் ஒரு விதமாகவும் மும்பையில் வேறு விதமாகவும் சொன்னால் திகைக்க வேண்டாம். இரண்டும் சரியாக இருக்கலாம். உங்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் எந்த இடைவெளியைச் சொன்னாரோ அதைப் பின்பற்றுங்கள். அவரைக் கேளாமல் நீங்களாகவே நீட்டிக்கொள்ளாதீர்கள். குறித்த நாள் தவறிவிட்டால் அஞ்சவும் வேண்டாம். 'தவறியது தவறிவிட்டது, இனி என்ன' என்று கைவிடவும் வேண்டாம். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் சென்று அலசிக்கொள்ள வேண்டும்.

அலசும்போது நடப்பவற்றை நோயாளியும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. போர்ட்டின் சவ்வில் குத்துவதற்கென்று தனி ஊசி உண்டு. அதற்கு ஹூபர் ஊசி என்று பெயர். சியாட்டில் நகரத்துப் பல் மருத்துவரான ரால்ஃப் ஹூபர் என்பவர் 1940-களில் அமைத்த வளைந்த முனையுடைய ஊசியிலிருந்து வந்த பெயர் இது. சாதாரண ஊசி சவ்வில் ஒரு சிறு துண்டைக் குடைந்து எடுத்துவிடும். பிறகு அந்தத் துளை வழியே கசியத் தொடங்கும். ஹூபர் ஊசி சவ்வைக் குடையாமல் விலக்கிக்கொண்டு செல்கிறது. ஊசியை எடுத்ததும் சவ்வு தானே மூடிக்கொள்கிறது. ஆகவே சாதாரண ஊசியுடன் ஒருவர் போர்ட்டை நெருங்கினால், 'பொறுங்கள், இதற்கு ஹூபர் ஊசி வேண்டும்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எந்த மாநிலத்து மருத்துவமனையிலும் அதன் பெயர் அதுதான். மொழி தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் போதும்.

செவிலியர் கைகளைத் தூய்மை செய்து, கிருமி நீக்கிய கையுறை அணிந்து, தோலைக் கிருமிக்கொல்லி மருந்தால் துடைத்து, அது உலர்ந்த பிறகே ஊசியைச் செலுத்துவார். பிறகு சிறிது இரத்தத்தை இழுத்துப் பார்ப்பார். இரத்தம் வந்தால் குழாயின் முனை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, அடைப்பில்லை என்று கொள்ளலாம். அடுத்து 10 மில்லிலிட்டர் உப்புநீரைச் சிறிது செலுத்தி, நிறுத்தி, மீண்டும் சிறிது செலுத்தி, விட்டுவிட்டு அனுப்புவார். இந்த விட்டுவிட்டுச் செல்லும் வேகமே குழாயின் உட்சுவரைக் கழுவுகிறது. இதற்கு 10 மில்லிலிட்டர் அளவுள்ள ஸிரிஞ்சையே பயன்படுத்துவர். சிறிய ஸிரிஞ்சில் அழுத்தம் மிகுதியாக எழும். அடைப்பிருக்கும் குழாயை அது வெடிக்கச் செய்யலாம்.

கடைசியாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் என்னும் மருந்தைச் சிறிதளவு செலுத்திக் குழாயைப் 'பூட்டி' வைப்பது பல இடங்களில் வழக்கம். வேறு சில மருத்துவமனைகள் உப்புநீர் ஒன்றையே கொண்டு பூட்டுகின்றன. அதுவும் ஏற்கத்தக்கதே என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால் ஹெபாரின் பயன்படுத்தும்போது அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். போர்ட்டைப் பூட்டுவதற்குப் பொதுவாகப் பயன்படுவது மில்லிலிட்டருக்கு 100 அலகு வலிமையுள்ள கரைசல். அதில் 5 மில்லிலிட்டர் செலுத்தினால் 500 அலகு ஆகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலோ மில்லிலிட்டருக்கு 1000 அலகு, 5000 அலகு என்று வலிமை மிகுந்த புட்டிகளும் கிடைக்கின்றன. நீர்க்கச் செய்யாமல் 5000 அலகுப் புட்டியிலிருந்து அதே 5 மில்லிலிட்டரைச் செலுத்தினால் 25,000 அலகு, அதாவது ஐம்பது மடங்கு, உடலில் சேர்ந்துவிடும். இரத்தப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். போர்ட்டில் பழக்கமில்லாத இடத்தில் அதை அலசச் செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முக்கிய காரணம். ஹெபாரின் முன்பு எப்போதாவது ஒவ்வாமற் போயிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் வெளிமாநிலத்தில் இருப்பவர் எங்கே செல்வது? தெருமுனைக் கிளினிக்கில் கம்பவுண்டரிடம் சென்று, 'ஓர் ஊசிதானே, போட்டுவிடுங்கள்' என்று சொல்லத்தக்க காரியம் இதுவன்று. புற்றுநோய்க்கு மருந்தேற்றும் பிரிவு உள்ள மருத்துவமனை எதுவாயினும், அரசினுடையதோ தனியாருடையதோ, அங்கே போர்ட்டை அலசத் தெரிந்த செவிலியர் இருப்பார். 2012-ஆம் ஆண்டில் டாட்டா நினைவு மருத்துவமனை முன்னின்று தொடங்கிய தேசியப் புற்றுநோய் இணையத்தில் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் பல சேர்ந்துள்ளன. ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே, 'நான் வசிக்கும் நகரில் எந்த மருத்துவமனைக்குச் செல்லலாம்?' என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அங்குள்ள பிரிவுக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ வரவேண்டியிருப்பவர்கள், அதே நாளில் போர்ட்டையும் அலசிக்கொள்ளலாமா என்று கேட்கலாம். புற்றுநோயாளர் சிகிச்சைக்கும் காலமுறைச் சோதனைக்கும் செல்லும்போது, அவருக்கும் துணைக்குச் செல்பவர் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. அதற்குரிய சான்றை மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம்.

பயணத்தில் உங்களுடன் இருக்கவேண்டிய காகிதங்கள் சில உண்டு. போர்ட்டைப் பதித்தபோது ஒரு சிறு அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் போர்ட்டின் வகை, தயாரிப்பாளர் பெயர், வரிசை எண் ஆகியவை இருக்கும். பதித்த நாளும், எந்தச் சிரை வழியாகக் குழாய் சென்றது என்பதும் அறுவைக் குறிப்பில் இருக்கும். இவற்றோடு, கடைசியாக அலசிய நாள், அடுத்து அலசவேண்டிய நாள், என்ன மருந்தால் பூட்டினார்கள், இரத்தம் தடையின்றி வந்ததா என்பவற்றை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே எழுதி வாருங்கள். அட்டையைத் தொலைத்துவிட்டால் பதித்த மருத்துவமனைக்கு எழுதி விவரங்களைப் பெற்றுக்கொள்ளுங்கள். புதிய ஊரில் மொழி தெரியாத இடத்தில் உங்களுக்காகப் பேசுவது அந்தக் காகிதமே.

அந்த அட்டை ஸ்கேன் அறையிலும் உதவும். எம்.ஆர்.ஐ. சோதனைக்குப் பெரும்பாலான போர்ட்டுகளால் தடை இல்லை. எனினும் அட்டையைக் காட்டிவிட்டே செல்ல வேண்டும். சி.டி. ஸ்கேனின்போது சாய மருந்தை ஓர் இயந்திரம் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்பட்ட போர்ட்டுகள் உண்டு, தாங்காதவையும் உண்டு. எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதபோது போர்ட் வழியாக அந்தச் சாயத்தைச் செலுத்த விடக்கூடாது.

அன்றாட வாழ்வில் போர்ட் உங்களைக் கட்டிப்போடுவதில்லை. பதித்த காயம் ஆறி, ஊசி எதுவும் செருகப்படாமல் இருக்கும்போது குளிக்கலாம், நீந்தலாம், வீட்டு வேலை செய்யலாம், விமானத்திலும் ரயிலிலும் பயணம் செய்யலாம். கட்டுப்போடவோ மருந்து தடவவோ தேவையில்லை. மேட்டின் மேல் உராய்வும் இடியும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். காரின் இருக்கைப் பட்டை அதை அழுத்துமானால் இடையே மெல்லிய துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். பட்டையையே போடாமல் இருக்கலாகாது. தோள்பையை மறுபக்கம் மாட்டுங்கள். குழந்தையைத் தூக்குகிறவர்கள் அதன் தலை அந்தப் பக்கம் மோதாதவாறு ஏந்திக்கொள்ளுங்கள். அந்த மேட்டை விரலால் தேய்ப்பதும் புரட்டுவதும் கூடாது. கிண்ணம் உள்ளே திரும்பிவிடலாம்.

இனி, காலந்தாழ்த்தாமல் கவனிக்கவேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். அலசிய சிறிது நேரத்தில், ஓரிரு மணிக்குள், உடல் தூக்கிப்போடும் குளிருடன் காய்ச்சல் வருமானால், போர்ட்டினுள் கிருமி குடியேறியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். குழாயில் தங்கியிருந்த கிருமிகள் உப்புநீரோடு இரத்தத்தில் கலந்ததன் விளைவு அது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேட்டின் மீதோ சுற்றிலுமோ சிவப்பு, வெப்பம், வலி, சீழ் காணப்பட்டாலும் அப்படியே. போர்ட் உள்ள பக்கத்துக் கையோ, கழுத்தோ, முகமோ வீங்கினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அலசும்போது வலியெடுத்தாலோ, மேட்டைச் சுற்றி வீக்கம் எழுந்தாலோ, நீர் வெளியே கசிகிறது என்று பொருள். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். திடீரென்று மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நெஞ்சுப் படபடப்பு ஏற்பட்டால் அது அவசர நிலை. உப்புநீர் உட்செல்கிறது, ஆனால் இரத்தம் திரும்பி வரவில்லை என்றால், பெரும்பாலும் முனையில் படலம் மூடியிருக்கும். அதைக் கரைக்க மருந்து உண்டு. ஆனால் ஆராயாமல் பலவந்தமாக அழுத்துவது கூடாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல் வந்து நீங்கள் எந்த மருத்துவரிடம் சென்றாலும், முதல் வாக்கியமாக, 'என் மார்பில் கீமோ போர்ட் இருக்கிறது' என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆகி, தலைமுடியும் வளர்ந்து, முன்போல் வேலைக்குச் செல்லும் ஒருவரைப் பார்த்தால் புதிய ஊரில் உள்ள மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் மலேரியாவையும் டைபாய்டையும் தேடுவார். அவற்றுக்கு மருந்தும் கொடுப்பார். காய்ச்சல் இரண்டு நாள் தணிந்து மீண்டும் எழும். உண்மையான காரணம் சட்டைக்குள் மறைந்திருக்கும். போர்ட் இருக்கிறது என்று அறிந்தால், அவர் போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார். சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் உயிரோடு விளையாடிவிடக்கூடும்.

நம்மவரில் பலர் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன். அண்டை அயலாருக்குத் தெரியக்கூடாது, அலுவலகத்தில் தெரியக்கூடாது, பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது தெரியக்கூடாது என்று நோயையே மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் இடத்தில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுகிறது. அயலாரிடம் மறைப்பதும் மறைக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் மருத்துவரிடம் மறைப்பதற்கில்லை. வீட்டில் குறைந்தது ஒருவருக்காவது போர்ட்டைப் பற்றியும், காகிதங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது பற்றியும் தெரிந்திருக்கவேண்டும். நீங்கள் நினைவின்றிக் கிடக்கும் வேளையில் பேசப்போகிறவர் அவரே.

இறுதியாக, எடுக்கும் நாள் வருகிறது. அது சிறிய அறுவைதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பழைய தழும்பின் வழியாகவே திறந்து, கிண்ணத்தையும் குழாயையும் எடுத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். ஓரிரு வாரங்களில் காயம் ஆறிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும். பதித்த மருத்துவமனையிலேயே எடுக்கவேண்டும் என்பதில்லை. வாழும் ஊரிலேயே, அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளலாம். அறுவைக் குறிப்பில், 'குழாய் முழுமையாக எடுக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் அந்த நோட்டுப் புத்தகத்தை மூடலாம்.

நேயர்களே, சிகிச்சைக்காலத்தில் உங்கள் போர்ட்டை நினைவில் வைத்திருக்க மருத்துவமனையில் பலர் இருந்தார்கள். ஒவ்வொரு முறை மருந்தேற்றும்போதும் அது தானாகவே கழுவப்பட்டது, தானாகவே சோதிக்கப்பட்டது. சிகிச்சை முடிந்த நாளன்று அந்தப் பொறுப்பு ஒருவரும் சொல்லாமலே கைமாறிவிடுகிறது. பதித்த மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கிறது. புதிய ஊரின் மருத்துவமனைக்கு உங்களைத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பவர் நீங்கள் ஒருவரே. எனவே, இன்று இதைக் கேட்பவர்களில் யாருக்கேனும், அல்லது உங்கள் வீட்டில் யாருக்கேனும், போர்ட் இருக்குமானால், நாட்காட்டியைப் பாருங்கள். கடைசியாக அலசிய நாள் எது, அடுத்த நாள் எது, அதை எடுப்பதா வைப்பதா என்று மருத்துவர் கடைசியாகச் சொன்னது என்ன என்று கேளுங்கள். விடை தெரியவில்லையென்றால் நாளைக்கே விசாரியுங்கள். நோயை வென்று வந்தவர்கள் இந்தச் சிறு பொருளின் பொருட்டு அல்லற்பட நேரலாகாது.